வியாசர்பாடியில் ஓராண்டுப் பணி: விடுதியா, பெரம்பூரா, திருவொற்றியூரா, பணியிடத்துத் தெருவிலேயேவா?

ஓராண்டுச் சேவைப் பணிக்காக வட சென்னைக்கு வர இருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எங்கே தங்குவது என்பதைத்தான். நான் கோவில்பட்டியைச் சேர்ந்தவள். வியாசர்பாடியில் உள்ள மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்க ஒரு ஜூன் மாதத்தில் சென்னைக்கு வந்தேன். மாத உதவித்தொகை 18,000 ரூபாய். அந்த ஓராண்டில் புரசைவாக்கத்து மகளிர் விடுதியில் மூன்று மாதங்களும், பெரம்பூரில் வீடு தேடியபடி உடன் பணியாற்றிய ஒருவரின் வீட்டில் மூன்று வாரங்களும், மீதி நாட்கள் முழுவதும் வியாசர்பாடி மகாகவி பாரதி நகருக்குப் பக்கத்துத் தெரு ஒன்றிலும் இருந்தேன். திருவொற்றியூரைப் பற்றி எழுதுவது, அங்கே தங்கிக் காசிமேட்டு மையத்தில் பணியாற்றிய தோழியின் வீட்டுக்கு ஞாயிறுதோறும் சென்றுவந்த பழக்கத்தினால்.

இடத்தை ஒப்பிடும் முன் வேலையின் நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். மாலை மையங்களில் வேலை ஐந்து மணிக்குத்தான் சூடுபிடிக்கும். வகுப்பு எட்டேகாலுக்கு முடிந்தாலும், வேலையிலிருந்து திரும்பும் பெற்றோரைப் பார்ப்பதற்கு அதற்குப் பிந்திய அரைமணி நேரமே கிடைக்கும். ஆகவே காலையில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று பார்ப்பதைவிட, இரவு ஒன்பது மணிக்கு எப்படித் திரும்புவோம் என்று பார்ப்பதே முக்கியம். நான் வந்தபோது இந்தக் கணக்கை எனக்கு யாரும் சொல்லவில்லை.

விடுதியின் நன்மை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். பெட்டியுடன் எழும்பூரில் இறங்கி அன்றிரவே தலைசாய்க்க இடம் கிடைக்கிறது. அடுப்பு, பாத்திரம், பாய் எதுவும் வாங்க வேண்டியதில்லை. மூவர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டுடன் 7,800 ரூபாய் கொடுத்தேன். முகவரி தெரியாத ஊரில் பெற்றோருக்கு அது பெரிய நிம்மதி. 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் மகளிர் விடுதிகள் பதிவு செய்து உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். நான் கேட்காமல் சேர்ந்தேன். விடுதியை விட்டு வெளியேறியபோது 5,000 ரூபாய் வைப்புத்தொகையில் சுண்ணாம்புச் செலவு, சாவிச் செலவு என்று சொல்லி 1,900 ரூபாய்தான் திரும்பக் கொடுத்தார்கள். ரசீது என்ற ஒன்று என் கையில் இல்லாததால் வாதாடவும் வழியில்லை.

ஆனால் விடுதி எனக்கு ஒத்துவராமல் போனதற்குக் காரணம் பணம் அல்ல, வாயிற்கதவு. ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். புரசைவாக்கத்துக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே கணேசபுரம் சுரங்கப்பாதை இருக்கிறது. கொஞ்சம் கனத்த மழை பெய்தாலே அதில் தண்ணீர் நின்று போக்குவரத்து நிறுத்தப்படும் என்பது இந்தப் பகுதியில் குழந்தைக்கும் தெரிந்த செய்தி. ஆகஸ்டில் ஒருநாள் வகுப்பு முடியும் நேரத்தில் இடியுடன் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரர் பேசின் பிரிட்ஜ் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து விட்டபோது மணி ஒன்பது நாற்பது. நனைந்த துப்பட்டாவைப் பிழிந்தபடி இருபது நிமிடங்கள் வாசலில் நின்ற பிறகே கதவு திறந்தது. அதன் பிறகு எட்டு மணியானதுமே என் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். பேச வந்த தாய்மார்களிடம் "நாளைக்குப் பேசலாம்க்கா" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாதங்களைக் கழித்தேன். அந்த இழப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு எல்லோரும் பரிந்துரைப்பது பெரம்பூர். பரிந்துரையில் நியாயம் இருக்கிறது. 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை இருப்பதாலும், ரயில்வே ஊழியர்கள் தலைமுறைகளாகக் குடியிருப்பதாலும், மாதச் சம்பளக் குடும்பங்களுக்கேற்ற கடைகளும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் அங்கே நிறைந்திருக்கின்றன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு உருவானதும் இந்த வட்டாரத்தில்தான். சேவைப் பணிக்கு வருகிறவர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரல் திசையில் அடுத்த நிறுத்தமே வியாசர்பாடி ஜீவா. குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளுக்காகச் சாலைகள் தோண்டப்பட்டிருப்பதால் பேருந்தைவிட ரயிலே சரியாக வந்து சேரும்.

வாடகைதான் தடை. ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 12,000 கேட்டார்கள். அட்வான்ஸ் ஒரு லட்சம், தரகருக்கு ஒரு மாத வாடகை. மூன்று பேர் சேர்ந்தால் வாடகையைச் சமாளிக்கலாம். ஆனால் திருமணமாகாத மூன்று பெண்கள் என்றதும் "ஃபேமிலிக்கு மட்டும்தாம்மா" என்ற பதில் தயாராக இருந்தது. ஆண்களுக்கும் இதே கதைதான். சில வீடுகளில், சைவமா அசைவமா என்று தொடங்கி, சொந்த ஊரில் எந்தத் தெரு என்று சுற்றிவளைத்துச் சாதியை விசாரித்தார்கள். எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது ஒரு வீட்டில் நடந்ததுதான். காபி கொடுத்து, மாடி அறையைக் காட்டி, வாடகையும் பேசி முடித்த அம்மையார், எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். "வியாசர்பாடியா? அங்கேருந்து ஆளுங்க யாரும் உன்னத் தேடி இங்க வரமாட்டாங்களே?" என்றார். என்னைத் தேடி வரக்கூடியவர்கள் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஒரே ஒரு ரயில் நிறுத்தத் தொலைவுக்குள் இவ்வளவு பெரிய சுவர் இருப்பதை அன்றுதான் கண்டேன். பெரம்பூரில் நல்ல வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். என் உடன் பணியாளருக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர். இருந்தாலும் பிள்ளைகள் வந்து கதவைத் தட்ட முடியாத வீட்டில் குடியிருந்துகொண்டு அவர்களுக்காகப் பணிசெய்வது எனக்குப் பொருந்தவில்லை.

திருவொற்றியூரின் நிலை வேறு. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு, அங்கிருந்து நகரத்தின் நடுப்பகுதிக்குச் செல்வது எளிதாகிவிட்டது. கடற்காற்று, தியாகராஜ சுவாமி கோயில், தேரடிச் சந்தை, பெரம்பூரை விடக் குறைந்த வாடகை எல்லாம் அங்கே உண்டு. தோழி இருந்தது காலடிப்பேட்டையில். 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த காலெட்டின் பெயரில் நெசவாளர்களுக்காக அமைந்த பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டையாகிவிட்டது. காசிமேடு, எண்ணூர் மீனவக் குப்பங்களில் பணியென்றால் வேறிடம் யோசிக்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில், அந்த வீடுகளில் அடகுக் கடைக்குப் போவது எது, பிள்ளையின் படிப்பில் குறைவது எது என்பதெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்கே தெரியவரும் என்று தோழி சொல்வார். வியாசர்பாடியில் பணிசெய்பவருக்கோ அது சுற்றுவழி. புறநகர் ரயிலில் பேசின் பிரிட்ஜ் வந்து வண்டி மாற வேண்டும். மேலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை உள்ள மணலிப் பக்கமிருந்து காற்று வீசும் இரவுகளில் கெட்டுப்போன முட்டையின் நாற்றம் வீட்டுக்குள் வரும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீடு பிடிக்கும் முன் ஓரிரவாவது அங்கே தங்கிப் பார்க்க வேண்டும்.

இனி நான் கடைசியில் தேர்ந்தெடுத்த இடம். மாணவி ஒருத்தியின் பாட்டிதான் கைகாட்டினார். முதல் மாடியில் ஓர் அறை, சிறு சமையலறை; கழிப்பறையும் குளியலறையும் பக்கத்துக் குடித்தனத்துடன் பொது. வாடகை 6,000. வீட்டுக்காரம்மா 40,000 அட்வான்ஸ் கேட்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தமும் கட்டாயம். இதை நான் சட்டமாகச் சொல்லாமல், பாட்டியை முன்னால் வைத்துப் பணிவாகச் சொன்னேன். 18,000-க்கு ஒத்துக்கொண்டார். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இல்லை. யூனிட் கணக்கு அவர் சொல்வதுதான். அதை முன்பே பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அடுப்புக்கு, முகவரிச் சான்று கேட்காத ஐந்து கிலோ சிறிய சிலிண்டர் போதுமானதாக இருந்தது.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தத் தெருவில் நான் குடியேறியது சாவி வாங்கிய நாளில் அல்ல, தண்ணீர் பிடிக்கக் கற்றுக்கொண்ட நாளில். மெட்ரோ தண்ணீர் என்று சொல்லப்படும் குடிநீர் வாரியத் தண்ணீர் விடியற்காலையில் வரும். தரைத்தளத்து அடிபம்பில் அடித்துத்தான் எடுக்க வேண்டும். முதல் வாரம் நான் எழுந்து வருவதற்குள் நின்றுவிடும். ஐந்தாம் நாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். "இன்னா மிஸ்ஸு, தண்ணி வந்துக்கினு கீது, நீ பாட்டுக்குத் தூங்கினுகீறே?" என்று எதிர்வீட்டு அக்கா என் குடத்தைத் தாமே எடுத்துக்கொண்டு இறங்கினார். பம்பைச் சுற்றி நீலம், பச்சை, சிவப்பென்று பிளாஸ்டிக் குடங்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அடையாளத்துக்குத் துணிக்கிழிசலோ நகப்பூச்சுப் பொட்டோ இருக்கும். முதலில் வரும் கலங்கிய தண்ணீரைப் பாத்திரம் கழுவ ஒதுக்கிவிட்டு, தெளிந்த பிறகே குடிதண்ணீர்க் குடத்தை வைக்க வேண்டும் என்பதை அவர் எனக்குக் கற்பித்தார். என் குடத்துக்கு அவருடைய பழைய பச்சைப் புடவையின் ஓரத்தைக் கிழித்துக் கட்டிவிட்டார். மறுநாளிலிருந்து வரிசையில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது.

அந்த வரிசையில் தெரிந்துகொண்டவை வகுப்பறையில் ஒருபோதும் தெரிந்திருக்காது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பன்னிரண்டு நாட்களாக வரவில்லை. பதிவேட்டில் "உடல்நலமின்மை" என்றிருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு இடுப்பில் தம்பியுடன் குடம் தூக்கி வந்தவள் அவள்தான். தாய்க்குப் பிரசவமாகி ராயபுரம் அரசு மருத்துவமனையில் இருந்தார். தகப்பன் இரவுப் பணி முடிந்து திரும்பும்வரை வீட்டைப் பார்ப்பது அவள்தான். நான் அவளைக் கடிந்துகொள்ளாமல், தம்பியையும் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வரச் சொன்னேன். வந்தாள். புரசைவாக்கத்தில் இருந்திருந்தால் அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியிருப்பேன்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. தனிமை என்பது கிடைக்காது. இரவு பத்தரைக்கு ரேஷன் அட்டை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யச் சொல்லி வருவார்கள். காய்ச்சலில் படுத்திருந்தால் ஐந்து வீட்டிலிருந்து கஞ்சி வரும், ஐந்து பேரின் கேள்விகளும் சேர்ந்து வரும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் காலடிப்பேட்டைக்குப் போனது ஓய்வுக்காகத்தான்; அப்படி ஒரு போக்கிடம் இல்லாதவர்கள் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்த வட்டாரத்தில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. வாடகை ஆயிரம் ரூபாய் குறைவென்றாலும் தரைத்தளத்தை எடுக்கவே கூடாது. வீடு பார்க்கும்போது சுவரில் முழங்கால் உயரத்தில் நீர்க்கறைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வெள்ளையடித்திருந்தால் பக்கத்து வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில் நான் பரிந்துரைப்பது இதுதான். முதல் இரண்டு மாதங்கள் விடுதியில் இருங்கள். அட்வான்ஸ் எதற்கும் அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள். அதற்குள் பிள்ளைகளின் குடும்பங்கள் உங்களை அறிந்திருக்கும். தரகரை நாடாமல் அவர்கள் வழியாக, மையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் மாடிப் போர்ஷன் ஒன்றைத் தேடுங்கள். உடல்நிலை இடம்கொடுக்காதவர்களுக்கும், பகலில் அலுவலக வேலையே மிகுந்தவர்களுக்கும் பெரம்பூர் நல்லது. கடற்கரைக் குப்பங்களில் பணியெனில் திருவொற்றியூர். பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காக ஓராண்டு முழுவதும் தொலைவில் தங்குவதை நான் ஏற்கமாட்டேன்; இரவு ஒன்பது மணிக்கு மையத்திலிருந்து வீடுவரை நான் நடந்த தெருவில், ஒவ்வொரு வாசற்படியிலும் என்னைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவராவது உட்கார்ந்திருந்தார்.

மே மாத இறுதியில் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது வீட்டுக்காரம்மா 18,000 ரூபாயையும் எண்ணிக் கையில் வைத்தார். அடுத்து வரும் மிஸ்ஸுக்கும் அதே வாடகை, அதே அட்வான்ஸ்தான் என்று சொல்லியிருக்கிறார். பச்சைத் துணி கட்டிய குடத்தை அந்த வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறேன்.