ஒரே பாக்கி, நான்கு நாட்டுச் சட்டம்: எங்கே தேடுவது எளிது?

சிங்கப்பூர் துவாஸில் கப்பல் உதிரிபாகம் விற்கும் அண்ணன் ஒருவர், தேக்கா கோப்பிக்கடையில் ஒரு பழைய இன்வாய்ஸை என் முன்னால் தள்ளினார். வாடிக்கையாளர் இந்தோனேசியத் தீவான பாத்தாமில். பணம் வந்திருக்க வேண்டியது 2018 மார்ச்சில்.

"ஆறு வருஷம் தாண்டிருச்சு தம்பி. இனிமே கேஸ் போட முடியாதுன்னு மச்சான் சொல்றாரு. விட்டுடவா?"

"கான்ட்ராக்ட்ல எந்த நாட்டுச் சட்டம்னு போட்டிருக்கு அண்ணே?"

கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். இந்தோனேசியச் சட்டம். "அவங்க ஆளு டைப் பண்ணிக் கொண்டுவந்தான், நான் கையெழுத்துதான் போட்டேன்."

"அப்படின்னா விட்டுடாதீங்க."

மச்சான் சொன்னது சிங்கப்பூர்க் கணக்கு. இதே பாக்கிக்கு ஜெர்மன் சட்டம் பொருந்தினால் 2021 டிசம்பர் 31 அன்றே கெடு முடிந்திருக்கும். பிரெஞ்சுச் சட்டம் என்றால் 2023 மார்ச். சிங்கப்பூர் என்றால் 2024 மார்ச். இந்தோனேசியா என்றால் 2048! வழக்கை இங்கேயே போட்டாலும், ஒப்பந்தத்துக்கு வெளிநாட்டுச் சட்டம் பொருந்துமானால் அந்த நாட்டுக் காலவரம்பையே பார்க்க வேண்டும் என்று 2012இல் சிங்கப்பூர் தனிச் சட்டம் போட்டிருக்கிறது. பொதுநலனுக்கு முரணானால் மட்டும் விலக்கு.

ஒப்பந்த வேலையில் இந்த நான்கு நாட்டுச் சட்டத்தையும் மாறி மாறித் தேட வேண்டி வருகிறது. சிங்கப்பூர், இங்கிலாந்து வழியில் தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச்சட்ட மரபு; மற்ற மூன்றும் சிவில் சட்ட மரபு. எங்கே தேடுவது எளிது, எங்கே சறுக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். "சிவில்" என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கிரிமினல் அல்லாத வழக்கு, தமிழ்நாட்டில் சொல்லும் உரிமையியல். இங்கே பேசுவது அதையல்ல. ரோமானியச் சட்ட வழியில் வந்து, எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் பிரிவு பிரிவாக எழுதிவைக்கும் மரபு இது. சிங்கப்பூரிலும் 1909ஆம் ஆண்டின் "சிவில் லா ஆக்ட்" என்று ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் வணிகச் சட்டத்தை 1993 வரை இங்கே இறக்குமதி செய்துகொண்டிருந்ததே அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவுதான். பெயரை நம்பித் தேடினால் நேர் எதிர்த் திசையில் போய் நிற்போம்.

நம் ஊர்ப் பழக்கம் என்ன? லாநெட் என்ற சட்டத் தரவுத்தளத்தில் நான்கு சொற்களைத் தட்டித் தீர்ப்புகளை இறக்குவது. அதில் தப்பில்லை, இங்கே சட்டத்தின் பெரும்பகுதி தீர்ப்புக்குள்தான் குடியிருக்கிறது. கவனக்குறைவு வழக்கில் ஒருவருக்கு இன்னொருவர் மீது எப்போது கடமை வரும் என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பொது விதி கிடையாது. 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்பாண்டெக் வழக்கில் சொன்ன இரண்டு கட்டச் சோதனைதான் விதி. நீதிபதிகளும் நூறு பக்கம் எழுதினாலும் ஏன், எதற்கு என்று விளக்கிவிடுவார்கள். பொறுமையாகப் படித்தால் போதும்.

இந்தப் பழக்கத்தோடு ஜெர்மன் சட்டத்துக்குள் நுழைந்தால் அடி விழும், எனக்கு விழுந்தது. விற்ற பொருளுக்குப் பணம் வரவில்லை என்றால் நாம் எங்கே தேடுவோம்? விற்பனை என்ற தலைப்பில். 1900 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஜெர்மன் சிவில் தொகுப்பில் விற்பனை 433ஆம் பிரிவில் தொடங்குகிறது. அதைச் சுற்றி எவ்வளவு துழாவினாலும் பாக்கிக்கான காலவரம்பு கிடைக்காது. 438இல் இரண்டு ஆண்டு என்று ஒன்று கண்ணில் படும். அது பொருளில் குறை இருந்தால் வாங்கியவருக்கு உள்ள கெடு, விற்றவருக்கு அல்ல. நான் அதைத்தான் எடுத்துக் குறிப்பில் எழுதினேன். சரியான பதில் முதல் புத்தகத்தில், பொதுப் பகுதியில் இருக்கிறது: 195இல் மூன்று ஆண்டு, 199இல் அது எப்போது தொடங்கும் என்பது. தொடக்கம் பாக்கி விழுந்த நாள் அல்ல, விஷயம் தெரிந்த அந்த ஆண்டின் கடைசி நாள். அதனால்தான் அங்கே பாக்கி வழக்குகள் டிசம்பர் கடைசியில் நெரியும்.

பொதுவானது முன்னால், சிறப்பானது பின்னால்: இந்த அடுக்கு புரிந்துவிட்டால் ஜெர்மன் தொகுப்பு திறந்த வீடு. அரசாங்கமே சட்டம் முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, முக்கியமானவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. மொழிபெயர்ப்புக்குச் சட்ட வலு இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆனால் பிரிவை மட்டும் படித்துவிட்டு நிமிர்ந்தால் பாதிதான் தெரியும். நம் இலக்கண நூல்களை நினைத்துக்கொள்ளுங்கள்: நூற்பா ஒன்றரை வரி, உரை ஒன்றரைப் பக்கம். உரையில்லாமல் நூற்பாவைப் பிடித்தவர் எத்தனை பேர்? ஜெர்மானியச் சட்டமும் அப்படித்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே பேராசிரியர்களும் நீதிபதிகளும் எழுதிய உரை, அந்த உரைக்குள் தீர்ப்புகள், எது பெரும்பான்மைக் கருத்து, எது மாற்றுக் கருத்து என்ற குறிப்பு. நீதிமன்றத் தீர்ப்பிலேயே பேராசிரியரின் பெயரைச் சொல்லி "இவர் கருத்தை ஏற்கவில்லை" என்று எழுதுவார்கள். மிகவும் புழக்கத்தில் உள்ள ஒற்றைத் தொகுதி உரைக்குப் பல பத்தாண்டுகளாகப் பாலண்ட் என்று பெயர். அந்தப் பெயருக்கு உரியவர் நாஜி ஆட்சியில் பதவியில் இருந்தவர் என்பதால், 2021இல் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டு இப்போது கிரூனெபெர்க் என்று வருகிறது. பழைய பெயரில் நூலகப் பட்டியலைத் தேடினால் பழைய பதிப்பே கையில் சிக்கும்.

பிரான்ஸ் நமக்குச் சுத்தமாக அந்நியம் இல்லை. புதுச்சேரியில் 1881 ஆணையின்படி தங்கள் மரபுவழிச் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பங்களுக்கு, நெப்போலியன் காலத்து 1804 தொகுப்புதான் குடும்பச் சட்டமாக இருந்தது. தமிழ் வீட்டுப் பாகப்பிரிவினை, பிரெஞ்சுப் பிரிவு எண்!

அந்த எண்ணில்தான் பொறி இருக்கிறது. தன் தவற்றால் பிறருக்குச் சேதம் விளைவித்தவர் ஈடுகட்ட வேண்டும் என்ற ஒற்றை வாக்கியம் இருநூறு ஆண்டுக்கும் மேலாக 1382ஆம் பிரிவு. 2016 அக்டோபர் 1 முதல் சொல் மாறாமல் அது 1240 ஆகிவிட்டது. ஒப்பந்தப் பகுதி முழுவதுமே அன்று எண் மாறியது. காலவரம்பு அதற்கும் முன்பே மாறியது: 2008 சீர்திருத்தத்துக்கு முன் பொது வரம்பு முப்பது ஆண்டு, இப்போது 2224ஆம் பிரிவில் ஐந்து. பழைய ஆங்கிலப் பாடநூலை நம்பினால் இருபத்தைந்து ஆண்டு வித்தியாசத்தில் தவறு செய்யலாம். இதற்கு மருந்து அரசின் லெஜிஃப்ரான்ஸ் தளத்திலேயே உண்டு: ஒரு தேதியைக் கொடுத்தால் அன்று நடப்பில் இருந்த வாசகத்தைக் காட்டும். நம் ஊர்ச் சட்டத் தளத்திலும் இந்த வசதி இருக்கிறது, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

"சிவில் நாடுகளில் தீர்ப்புக்கு மதிப்பில்லை" என்று இங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரெஞ்சுத் தொகுப்பின் 5ஆம் பிரிவு, நீதிபதி பொது விதி வகுக்கக் கூடாது என்று தடுப்பது உண்மை. ஆனால் 1930இல் ஜாந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பொறுப்பில் உள்ள பொருளால் சேதம் வந்தால் தவறு நிரூபிக்கப்படாமலே பொறுப்பு உண்டு என்று பழைய 1384இல் இருந்த ஓர் அரை வாக்கியத்தை விரித்து ஒரு பெரிய சட்டத்தையே கட்டியது. பிரிவை மட்டும் படித்தவருக்கு இது தெரியவே தெரியாது. தீர்ப்பைப் படித்தவருக்கும் சிரமம்தான். முன்பெல்லாம் அந்த நீதிமன்றம் ஒரு தீர்ப்பையே ஒற்றை வாக்கியமாக, ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடும். 2019 அக்டோபருக்குப் பிறகுதான் பத்தி எண் போட்டுச் சாதாரண வாக்கியத்தில் எழுதுகிறார்கள். காரணம் வேண்டுமானால் தீர்ப்புக்குப் பேராசிரியர் எழுதிய குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். இங்கே நீதிபதி செய்கிற வேலையை அங்கே பேராசிரியர் செய்கிறார்.

இனி பாத்தாம். ஹார்பர்ஃப்ரண்டில் ஃபெரி ஏறினால் ஒரு மணி நேரம். சட்டத் தேடலில் இதுதான் இருப்பதிலேயே தூரம்.

மலாய் தெரியும் என்ற தைரியம் முதலில் கவிழ்க்கும். நமக்கு "பாசால்" என்றால் விஷயம், சங்கதி. இந்தோனேசியச் சட்டத்தில் அது பிரிவு. மலேசிய அரசமைப்பில் "பெர்காரா" பிரிவு. இந்தோனேசியாவில் அது வழக்கு. மலாயில் எந்த நீதிமன்றமும் "மக்காமா". அங்கே உச்ச நீதிமன்றம், அரசமைப்பு நீதிமன்றம் போன்ற உச்சிக்கு மட்டும் அந்தச் சொல், கீழே எல்லாம் "பெங்காடிலான்". ஒப்பந்தத்தை மீறுவதற்கு "வான்பிரெஸ்தாசி". அது டச்சு.

தொகுப்பே டச்சுதான், 1848 முதல் நடப்பில் உள்ளது. இந்தோனேசிய மொழியில் எல்லோரும் கையாளும், சட்ட அறிஞர் சுபெக்தியின் மொழிபெயர்ப்பு அரசு வெளியிட்டதல்ல. டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் அந்தப் பழைய தொகுப்பை மாற்றிவிட்டார்கள். இந்தோனேசியாவில் அது தொடர்கிறது. 1967ஆம் பிரிவின் முப்பது ஆண்டு அந்தக் காலத்துச் சொத்து. அச்சில் உள்ளதெல்லாம் உயிரோடு இருக்கிறது என்றும் நம்ப முடியாது: 1963இல் உச்ச நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கையில், 1460 உட்படச் சில பிரிவுகளை இனிப் பின்பற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டது. புத்தகத்தில் அவை இன்னும் அச்சாகின்றன.

சுற்றறிக்கையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணனின் ஒப்பந்தமே சாட்சி. அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. இந்தோனேசியத் தரப்பு உள்ள ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டம். 2013இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம், ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்றைச் செல்லாது என்றது. 2015இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இங்கே தேடலை நிறுத்தினால் அண்ணனுக்கு நெஞ்சடைப்புதான். 2023 சுற்றறிக்கை வரை போனால், மொழிபெயர்ப்பு இல்லை என்பதற்காக மட்டும் ரத்து செய்யக் கூடாது, ஒரு தரப்பின் கெட்ட எண்ணத்தால் அப்படி ஆனது என்று நிரூபித்தால்தான் முடியும் என்று இருக்கிறது. தொகுப்பு, தனிச் சட்டம், தீர்ப்பு, சுற்றறிக்கை என்று நான்கு படி இறங்கினால்தான் தரை தட்டும். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புத் தளம் இலவசம், அதில் குவியலுக்குக் குறைவில்லை. பிரிவுவாரியாக வரிசைப்படுத்திய, ஜெர்மன் தரத்து உரை இல்லாததால் குவியலில் கைவிட்டுத் துழாவ வேண்டும்.

என்னைக் கேட்டால், மொழி தெரியாவிட்டாலும் ஜெர்மனிதான் எளிது. அடுத்து பிரான்ஸ், தேதியைக் கவனித்தால். சிங்கப்பூர் பழக்கத்தால் எளிதாகத் தோன்றுகிறது, வெளியாளுக்கு அப்படி இருக்காது. இந்தோனேசியாவில் தனியே தேடிப் பதில் எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை. எப்படியும் நம் நீதிமன்றத்தில் வெளிநாட்டுச் சட்டம் ஓர் உண்மைத் தகவல் மாதிரி. பொதுவாக அந்நாட்டு நிபுணரைக் கொண்டு நிரூபிக்க வேண்டும். நம் தேடல் அந்த நிபுணரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு.

அண்ணனுக்கு மூன்று கேள்வி எழுதிக்கொடுத்தேன்: 1967 இந்தப் பாக்கிக்குப் பொருந்துமா, ஆங்கில ஒப்பந்தம் நிற்குமா, வழக்கை எங்கே போடுவது. பாத்தாமில் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், கோப்பி கப்பைத் தூக்கியபடி கேட்டார்:

"2048 வரைக்கும் டைம் இருக்குன்றே. அப்ப எனக்கு எண்பத்தொண்ணு தம்பி. எதுக்கும் அடுத்த வாரமே ஃபெரி ஏறிடுறேன்."