கப்பலேறும் முன் குடலிறக்க ஆபரேஷன்: ஓபனா, லேப்ராஸ்கோப்பியா, தள்ளிப்போடுவதா?

சரக்குக் கப்பலில் டாக்டர் கிடையாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006-இன்படி 100 பேர் அல்லது அதற்கு மேல் ஏறி, மூன்று நாளைத் தாண்டிய பன்னாட்டுப் பயணம் போகும் கப்பலுக்குத்தான் மருத்துவர் கட்டாயம். இருபதுசொச்சம் பேர் வேலை செய்யும், தாது, நிலக்கரி போன்றவற்றை மூட்டை கட்டாமல் ஏற்றும் பல்க் கேரியரில் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு பெரும்பாலும் செகண்ட் ஆபீசர். இடுப்பு மடிப்பில் ஹெர்னியா (குடலிறக்கம்) புடைத்திருக்கும் மாலுமி, என்ன செய்வது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தள்ளிப்போடுவதைப் பார்ப்போம், பலர் விரும்புவது அதைத்தான். வலி அதிகமில்லாத ஆண்களை ஆபரேஷன் செய்யாமல் கண்காணித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளிவந்தது. குடல் திடீரெனச் சிக்கியது ஆண்டுக்கு 1,000 பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. கரையில் இருப்பவருக்கு இது நியாயமான வழி. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தது. பிரேசிலின் துபாராவ் துறைமுகத்திலிருந்து சீனாவின் சிங்தாவுக்கு இரும்புத் தாது ஏற்றிப் போனால் சுமார் 11,000 கடல் மைல். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் 38 நாள். சிக்கிய குடலுக்கு ரத்தம் நின்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். நடுக்கடலுக்கு ஹெலிகாப்டர் எட்டாது. மேலும், அதே ஆய்வில் காத்திருந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இரண்டே ஆண்டில் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார். பெரும்பாலும் வலி கூடியதுதான் காரணம். ஆழ்கடல் கான்ட்ராக்டுக்குத் தள்ளிப்போடுவது சரிவராது என்பதே எங்கள் கருத்து. தொடை ஹெர்னியா என்றால் கரையிலும் காத்திருக்கக் கூடாது; அது சிக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

இனி ஓபனா, லேப்ராஸ்கோப்பியா என்ற கேள்விதான்.

ஓபன் முறையில் இடுப்பு மடிப்புக்குச் சற்று மேலே 6–8 செ.மீ. கீறி, தசைக்கு முன்பக்கம் மெஷ் எனும் செயற்கை வலை வைத்துத் தைப்பார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். இதயம், நுரையீரல் கோளாறு உள்ளவருக்கு இது பெரிய வசதி. செலவும் குறைவு. சிக்கல், தழும்பு இருக்கும் இடத்தில். உயரத்தில் வேலை செய்ய மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னெஸின் கால் வார் அதற்குச் சற்றுக் கீழேதான் இறுகும். 40 டிகிரியைத் தாண்டும் இன்ஜின் ரூமில் பாய்லர் சூட் எனும் முழு உடல் வேலை உடைக்குள் வியர்வை தேங்குவதும் அங்கேதான்; முழுதாக ஆறாத காயம் ஊறிப் பிரிந்துவிடும். அங்கு ஓடும் நரம்பு தையலிலோ மெஷ்ஷிலோ மாட்டினால் மாதக்கணக்கில் சுரீர் வலி நிற்கும்.

துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் பக்கம் ஒன்று, கீழே இரண்டு என மூன்று சிறு துளைகள். சுமார் 10×15 செ.மீ. மெஷ்ஷைத் தசைக்குப் பின்னால் விரிப்பார்கள். வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தால் அதே துளைகள் போதும். தொடை ஹெர்னியா உண்டாகும் இடத்தையும் அதே மெஷ் மூடிவிடும். ஆனால் முழு மயக்கம் தேவை. புராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர்களுக்கு உள்ளே ஒட்டியிருப்பதால் சிரமம். தொப்புள் துளையில் தசை உறையைச் சரியாகத் தைக்காவிட்டால் அங்கே புது ஹெர்னியா கிளம்பும். சர்ஜன் எத்தனை கேஸ் செய்திருக்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கை பழகவே 50 முதல் 100 கேஸ் ஆகும் என்கின்றன பன்னாட்டு வழிகாட்டுதல்கள்.

நல்ல கை கிடைத்தால் டெக், இன்ஜின் ஆட்களுக்கு லேப்ராஸ்கோப்பியே மேல். மயக்கம் ஒத்துக்கொள்ளாதவர் ஓபனுக்குப் போகலாம். அதனால் குறை ஒன்றுமில்லை.

எதுவானாலும் சைன் ஆனுக்கு (கப்பலில் வேலைக்குச் சேரும் நாளுக்கு) எட்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். முதல் நான்கு முதல் ஆறு வாரம் கப்பலைத் துறையில் கட்டும் மூரிங் கயிறு இழுப்பது, கன்டெய்னர் லாஷிங் (கன்டெய்னரை இறுக்கிக் கட்டுவது) போன்ற பாரம் கூடாது. ஆபரேஷன் ஆன இடத்தில் நீர் கோத்த வீக்கம் வற்றவும் ஆறு வாரம் பிடிக்கலாம். ஹெர்னியா திரும்பிவிட்டது என்று பதறி ஸ்கேனுக்கு ஓடுபவர்கள் பலர் பார்ப்பது இதைத்தான். சிகரெட்டை ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இருமல் தையலை இழுக்கும். மலச்சிக்கலும் அப்படித்தான்: இசப்கோல், தண்ணீர். சர்ஜன் அனுமதித்த பிறகு, கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் 15 கிலோ சுமையோடு இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். தீயணைப்பு சுவாசக் கருவியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, மெஷ் ஸ்டிக்கர், கட்டுப்பாடின்றிக் கடல் வேலைக்குத் தகுதி என்ற சர்ஜன் கடிதம் ஆகிய நான்கும் கப்பல் வேலைக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போது கையில் இருக்கட்டும். ஆபரேஷனை மறைக்காதீர்கள். வேண்டுமென்றே மறைத்த நோய்க்குக் கப்பல் முதலாளி செலவை ஏற்காமல் இருக்க அதே உடன்படிக்கை இடம் தருகிறது.