பெரிய மார்க்கெட் பக்கம் தைத்து வாங்கிய துப்பாக்கி உறை: எட்டு மாத அனுபவம்

பட்டாளத்திலிருந்து வந்தபின் புதுச்சேரியில் ஒரு நகைக்கடையில் கன்மேன் வேலை பார்க்கிறேன். டபுள் பேரல் (இரட்டைக் குழல்) 12 போர் துப்பாக்கி, என் பெயரில் லைசென்ஸ், அகில இந்தியாவுக்கும் செல்லும். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். வாரம் ஒருமுறையாவது துப்பாக்கியோடு பைக்கில் ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும், அங்கே புதுச்சேரி மது பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க வண்டியை நிறுத்துவார்கள் என்பது அந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும்.

பழைய உறையில் வெளிப் பை கிடையாது. லைசென்ஸ் புத்தகமும் துப்பாக்கியோடு உள்ளேயே கிடக்கும். ஒருநாள் இரவு ஒரு சோதனைச் சாவடியில் "பேப்பர் எடுங்க" என்றதும் நான் பாட்டுக்கு ஜிப்பைத் திறந்துவிட்டேன், துப்பாக்கியின் பின்பக்கக் கட்டை வெளியே தெரிந்ததும் எதிரே நின்ற சின்னப் பையன் கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போய்க் கத்தினார். அவர் மேல் தப்பே இல்லை. நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம்தான் பெரிய மார்க்கெட் பக்கம் பை தைக்கிற கடையில் சொல்லித் தைத்தேன். கெட்டி கேன்வாஸ், பேரலையும் கட்டையையும் கழற்றித் தனித்தனி அறையில் வைக்கலாம், தோட்டாவுக்குத் தனிப் பை. 1,400 ரூபாய். முக்கியமானது வெளியே தைத்த பிளாஸ்டிக் பை, லைசென்ஸ் அதில் இருக்கும், துப்பாக்கி இருக்கும் பக்கம் கை போகவே வேண்டாம். பொது இடத்தில் முழுக்க மூடிய உறையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று 2016 ஆயுத விதிகளே சொல்கின்றன, அதற்கும் இது சரியாக இருக்கிறது.

இப்போது நிறுத்தினால் இன்ஜினை அணைத்து, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்க, "ஐயா, முதுகில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு, லோடு பண்ணல. லைசென்ஸ் வெளிப் பையில இருக்கு, எடுக்கட்டுமா?" என்று கேட்பேன். போன மாதம் எஸ்.ஐ. ஒருவர், "நீங்க இறங்கி நில்லுங்க, நானே எடுக்குறேன்" என்று எடுத்து, டார்ச் அடித்து பேரலில் வெட்டியிருக்கும் நம்பரையும் புத்தகத்தையும் ஒத்துப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

1959 ஆயுதச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீஸ் கேட்டால் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும், ஆனால் கேட்கிறவரைக்கும் காத்திருக்காதீர்கள். சொல்வதோடு கையும் அசையாமல் இருக்கணும். 2016 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் காரை நிறுத்தியபோது ஃபிலாண்டோ காஸ்டில் என்பவர் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவராகவேதான் சொன்னார், லைசென்ஸும் இருந்தது, அடுத்த சில நொடிகளில் அவர் துப்பாக்கியை எடுக்கப் போகிறார் என்று நினைத்துப் போலீஸ்காரர் சுட்டுவிட்டார். அதைப் படித்த நாளிலிருந்து "எடுக்கட்டுமா" என்று கேட்காமல் நான் கையை நகர்த்துவதில்லை.

உறையில் குறை என்றால் ஜிப்தான், ஆறே மாதத்தில் பல் விட்டுவிட்டது. பிளாஸ்டிக்கும் வெயிலில் மங்கிக்கொண்டு வருகிறது. கடைக்காரர் ஜிப்பைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். தைக்கக் கொடுக்கிறவர்கள் பித்தளை ஜிப்பாகக் கேட்டு வாங்குங்கள், நூறு ரூபாய் கூடுதலாகும்.