பிளேக் கிருமியா, குடல் யெர்சினியாவா? ஒரு வகுப்புக்காக நான் செய்த தேர்வு

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் பழைய வீட்டின் வளவில் பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் சொல்லித் தருகிறேன். ஒரு கிருமி நம் நோய் எதிர்ப்பாற்றலை எப்படி ஏய்க்கிறது என்பதை ஒரே எடுத்துக்காட்டை வைத்து ஒன்றரை மணி நேரத்தில் விளக்க வேண்டியிருந்தது. யெர்சினியா பேரினத்தை எடுப்பதென்று முன்பே முடிவு செய்திருந்தேன். அதில் மனிதருக்கு நோய் தருபவை மூன்று. சூடோடியூபர்குளோசிஸ் என்பது பிளேக் கிருமி கிளைத்து வந்த மூலம். அதற்கு ஒரு வரி போதும். மிஞ்சியவை பிளேக் தரும் பெஸ்டிஸும் வயிற்று நோய் தரும் என்டெரோகோலிட்டிக்காவும்.

காரைக்குடியில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் என் அக்காள் மகள் குடல் யெர்சினியாவின் பக்கம் நின்றாள். “பிளேக் எங்கோ நடந்த பழைய கதை, மாமா. ஃப்ரிட்ஜ் எல்லார் வீட்டிலும் இருக்கிறதே” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. மற்ற பல கிருமிகள் முடங்கிக் கிடக்கும் 4 டிகிரி குளிரிலும் இது மெல்லப் பெருகும். சரியாக வேகாத பன்றி இறைச்சி, காய்ச்சாத பால் ஆகியவை வழியாக வயிற்றுக்குள் போகும். குளிரில் வைத்திருந்த இரத்தப் பைக்குள் இது பெருகி, அந்த இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் இறந்த நிகழ்வுகளும் மருத்துவப் பதிவில் உள்ளன. சிறுகுடலின் கடைப்பகுதியில் எம் (M) செல்கள் என்று சில உண்டு. குடலில் இருப்பதை மாதிரி எடுத்து உள்ளே காவலிருக்கும் செல்களிடம் கொடுப்பது அவற்றின் வேலை. இந்தக் கிருமி இன்வேசின் என்ற புரதத்தால் அந்த எம் செல்லையே பற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. பிறகு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகள் வீங்கி, வலது அடிவயிறு வலிக்கும். குடல்வால் அழற்சி என்று எண்ணி அறுவை செய்தால் குடல்வால் நல்லபடியாகவே இருக்கும். மாணவர்கள் மறக்க மாட்டார்கள். இருந்தும் நான் பிளேக் கிருமியைத்தான் எடுத்தேன்.

இரண்டுக்கும் பொதுவானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயூட்டும் திறனுக்கு அடிப்படையான சுமார் 70 கிலோபேஸ் நீளமுள்ள ஒரு பிளாஸ்மிட் (தனியே நிற்கும் சிறு டிஎன்ஏ வளையம்) இரண்டிலும் இருக்கிறது. அதன் துணையால் கிருமி ஓர் ஊசியைக் கட்டி, விழுங்க வரும் வெள்ளணுவுக்குள் யாப் புரதங்களைச் செலுத்தும். யாப்-ஹெச், யாப்-ஈ இரண்டும் விழுங்கும் அசைவை முடக்கும். யாப்-ஜே (குடல் கிருமியில் யாப்-பி) அபாயச் செய்தியை அணைத்து, பெருவிழுங்கி (மேக்ரோஃபேஜ்) என்ற வெள்ளணுவைச் சாகவும் வைக்கும். இந்தப் பாடத்தை எதை வைத்தும் நடத்தலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வெப்பநிலை. ஏப்ரல் நடுப்பகலில் தெருவிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வருகிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாலும், குளிர்ந்த ஆத்தங்குடித் தரைக்கல்லில் பாதம் பட்டதுமே உள்ளே வந்துவிட்டோம் என்று அறிவார். பிளேக் கிருமி இதையே தலைகீழாகச் செய்கிறது. பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் அதற்கு ஏறத்தாழ 26 டிகிரி. நம் உடலில் 37. ஊசிக்கான மரபணுக்களை இயக்கும் புரதத்தின் செய்தி ஆர்என்ஏ குளிர்ச்சியில் மடிந்து கிடக்கிறது. சூடு பட்டதும் அந்த மடிப்பு விரிகிறது, புரதம் உருவாகிறது.

சூடு மாற்றுவது ஊசியை மட்டுமன்று. கிருமியின் மேலுறையில் லிப்பிட் ஏ என்ற கொழுப்பு உண்டு. தெள்ளுப்பூச்சிக்குள் அதில் பெரும்பாலும் ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகள். நம் வெள்ளணுவிலுள்ள டிஎல்ஆர்-4 என்னும் ஏற்பி அந்த ஆறையும் நன்றாக அடையாளம் கண்டு கூக்குரலிடும். 37 டிகிரியில் புதிதாக உருவாகும் லிப்பிட் ஏ-யில் பெரும்பாலும் நான்கே சங்கிலிகள். ஏற்பி அதைக் கண்டு அசைவதேயில்லை. கிருமி உள்ளே இருக்கிறது, மணி அடிக்கவில்லை.

குடல் யெர்சினியாவும் சூட்டுக்கு ஏற்ப லிப்பிட் ஏ-யை மாற்றிக்கொள்கிறது. அதை மறைத்தால் என் தேர்வு நேர்மையாக இருக்காது. ஆனால் பிளேக் கிருமியில் இதைச் சோதித்தே காட்டிவிட்டார்கள். சூட்டிலும் சங்கிலியைச் சேர்த்துத் தரும் ஒரு நொதி ஈ.கோலையிடம் உண்டு, பிளேக் கிருமியிடம் இல்லை. 2006 இல் வெளியான ஆய்வில் அந்த மரபணுவைப் பிளேக் கிருமிக்குள் வைத்தார்கள். இப்போது 37 டிகிரியிலும் ஆறு சங்கிலிகள். ஊசி, யாப் புரதங்கள் எல்லாம் இருந்தும், மிகுதியாகச் செலுத்திய பிறகுகூட அது எலிகளைக் கொல்லவில்லை. டிஎல்ஆர்-4 இல்லாத எலிகளையோ கொன்றது. மறைவைக் கலைத்தால் கிருமி தோற்கிறது. மறைவைக் காணும் கண்ணையே எடுத்துவிட்டால் மீண்டும் வெல்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் நிறுவுகிற முறையைக் காட்ட இதைவிடத் தெளிவான ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மாணவி கேட்டாள்: பூச்சி கடித்த நொடியில் கிருமி இன்னும் பழைய உறையில்தானே இருக்கும்? ஆம். அப்போது பல கிருமிகளை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் விழுங்கிக் கொல்கின்றன. பெருவிழுங்கிகளுக்குள் புகுந்தவை அங்கே பிழைத்து, உறை மாற்றி, எஃப்1 என்ற போர்வையும் போர்த்துக்கொண்டு வெளியே வருகின்றன. நுரையீரல் பிளேக்கில் இந்த இடைவெளி கிடையாது. இருமுகிறவரிடமிருந்து வரும் கிருமி ஏற்கெனவே 37 டிகிரியில் வளர்ந்தது. அந்தப் பிளேக்கைச் சிகிச்சையின்றி விட்டால் ஏறக்குறைய எல்லாருமே இறக்கிறார்கள்.

“எங்கோ நடந்த கதை” என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பிளேக் 1905 இல் ரங்கூனை எட்டியது. எங்கள் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து கொண்டுவிற்கக் கப்பலேறியவர்கள் இருந்த அதே ரங்கூன்தான். 1994 இல் சூரத்திலும் பிளேக் பரவியது.

நான் பிளேக் நோயாளியைப் பார்த்ததில்லை, அந்தக் கிருமியைக் கையாண்டதும் இல்லை. படித்ததை வைத்தே சொல்கிறேன். குடல் யெர்சினியாவை என் அக்காள் மகள் தட்டில் வளர்த்திருக்கிறாள். ஆகவே ஆய்வகம் உள்ளவர்கள் அவள் சொல்வதைக் கேட்பதே சரி. பிளேக் கிருமிக்கு உயர்ந்த பாதுகாப்பு நிலை ஆய்வகம் வேண்டும், கல்லூரி மேசையில் வைக்கக்கூடியதன்று. குடல் யெர்சினியாவை உரிய பாதுகாப்புடன் இரண்டு குழாய்களிலுள்ள இளகிய ஊட்டக்கூழில் கம்பியால் குத்தி இட்டு, ஒன்றை 25 டிகிரியிலும் மற்றதை 37 டிகிரியிலும் வையுங்கள். முதல் குழாயில் கிருமி நீந்திப் பரவியிருக்கும். இரண்டாவதில் குத்திய கோட்டிலேயே நின்றிருக்கும்.