அப்டேட் ஆயிடுச்சு, ஆனா கர்னல் பழசு தான்: டெபியனோட சில வருஷ அனுபவம்

வீட்டு டெஸ்க்டாப், ரெண்டு மூணு விபிஎஸ் (வாடகை விர்ச்சுவல் சர்வர்), எல்லாத்துலயும் டெபியன் லினக்ஸ் தான், பஸ்டர்ங்கற டெபியன் 10 காலத்துல இருந்தே ஓடுது. பெருசா குறை சொல்ல ஒண்ணும் இல்ல, போட்டுட்டு மறந்துடலாம். சிஸ்டத்தோட மையமான கர்னல் விஷயத்துல மட்டும் அப்படி மறந்தா ஆபத்து. அப்டேட் பண்ற ஆப்ட் கமாண்ட் ஓடி முடிஞ்சு எர்ரர் எதுவும் இல்லாம ப்ராம்ப்ட் வந்துடும், உள்ள ஓடிட்டு இருக்கறது அதே பழைய ஓட்டை கர்னலாவே இருக்கும்.

அடிக்கடி பாக்கற காரணம் ஆப்ட்-கெட் அப்கிரேட். டெபியன்ல கர்னல் பேக்கேஜ் பேர்லயே நம்பர் ஒட்டியிருக்கும், அந்த நம்பர் மாறினா அது புது பேக்கேஜ். இந்த கமாண்ட் புது பேக்கேஜ் எதையும் இன்ஸ்டால் பண்ணாது, புது கர்னலை இழுத்துட்டு வர்ற மெட்டா பேக்கேஜ் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 "கெப்ட் பேக்"னு ஒரு வரி போட்டுட்டு நகர்ந்துடும். நேரம் வெச்சு தானா ஓடற பழைய க்ரான் ஸ்கிரிப்ட்ல இருந்தா அந்த வரிய யார் படிக்கறாங்க. கெட் இல்லாத வெறும் ஆப்ட் அப்கிரேட் போட்டாலே புது கர்னல் வந்துடும், ஃபுல்-அப்கிரேட் போட்டா தேவைப்பட்டா பழசை நீக்கவும் செய்யும்.

இதை விட மோசம், அந்த மெட்டா பேக்கேஜே மெஷின்ல இல்லாம இருக்கறது. சில விபிஎஸ் இமேஜ்ல ஒரே ஒரு கர்னலை மட்டும் போட்டு கொடுத்துடறாங்க. அப்ப கெப்ட் பேக்னு கூட வராது, எல்லாம் அப்-டு-டேட்னு சிரிச்சிட்டு இருக்கும். புது சர்வர் கைக்கு வந்தா நான் முதல்ல பாக்கறதே இதைத்தான்.

சரி, எந்த கர்னல் ஓடுதுன்னு எப்படி பாக்கறது? எல்லாரும் யூநேம் மைனஸ் ஆர் தான் சொல்வாங்க, டெபியன்ல அது பத்தாது. உதாரணமா டெபியன் 12ல 6.1.0-18-ஏஎம்டி64னு வரும், அது வெறும் ஏபிஐ பேரு, அதாவது மாட்யூல்கள் கர்னலோட ஒத்துப்போகுதான்னு காட்டற நம்பர். ஏபிஐ மாறாம பேட்ச் மட்டும் வந்தா அதே பேர்ல ஃபைல் மேல ஃபைல் உக்காந்துடும், ரீபூட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் மைனஸ் ஆர் ஒண்ணே தான் காட்டும். மைனஸ் வி போட்டா தான் டெபியன் 6.1.76-1னு நிஜ வெர்ஷன் தெரியும், இன்ஸ்டால் ஆன பேக்கேஜை பட்டியல் போடற டிபிகேஜி மைனஸ் எல் காட்டற வெர்ஷனோட அதை ஒத்துப் பாக்கணும்.

2022 மார்ச்ல டர்ட்டி பைப் வந்தப்ப இன்னொரு மாதிரி வெர்ஷன் குழப்பம் நல்லாவே நடந்துச்சு. சாதா யூசரே ரூட் ஆகற ஓட்டை அது, 5.8ல நுழைஞ்சது, அதனால பஸ்டரோட 4.19 தப்பிச்சுது, அதுக்கு அடுத்த ரிலீஸ் புல்ஸையோட 5.10 மாட்டிக்கிச்சு. ஒரிஜினல் கர்னல்ல 5.10.102ல சரி பண்ணாங்க, டெபியன் அதே பேட்சை பின்னால எடுத்து 5.10.92-2லயே கொடுத்துட்டாங்க. 92 தானே, 102க்கு கீழ தானே இருக்குன்னு பயந்தா அது வீண் பயம். டெபியன் செக்யூரிட்டி ட்ராக்கர்ல எந்த வெர்ஷன்ல ஃபிக்ஸ்னு போட்டிருக்கோ அது தான் கணக்கு.

அடுத்து, கர்னல் ஃபைல் எல்லாம் இருக்கற /பூட் நிரம்பற தலைவலி. பழைய இன்ஸ்டால்ல /பூட் தனி பார்ட்டிஷனா சின்னதா இருக்கும், ரெண்டு மூணு கர்னலும் பூட் ஆக அதுக்கு வேண்டிய இனிட்ரேம்எஃப்எஸ் ஃபைலும் சேர்ந்தா இடம் தீந்துடும், "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்"னு பாதில நிக்கும், அதுக்கப்புறம் எந்த பேக்கேஜ் போட்டாலும் அங்கயே வந்து முட்டும். பழசை நீக்கற ஆப்ட் ஆட்டோரிமூவ் கூட சில சமயம் இதே எர்ரர்ல விழும். அப்ப ஓடற கர்னலை விட்டுட்டு இன்னொரு பழசை டிபிகேஜி பர்ஜ் பண்ணி இடம் பண்ணிட்டு, டிபிகேஜி கான்ஃபிகர் மைனஸ் ஏ போட்டு பாதில நின்னதை முடிக்கணும். /பூட்குள்ள போய் ஆர்எம் போடறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், ஃபைல் போயிடும், டிபிகேஜி மட்டும் அது இருக்குன்னே நம்பிட்டு இருக்கும்.

அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் போட்டிருந்தா இன்ஸ்டால் தானா நடக்கும், ஆனா புது கர்னல் ரீபூட் பண்ணா தான் ஓட ஆரம்பிக்கும், ஆட்டோமேட்டிக்-ரீபூட் டிஃபால்ட்ல ஆஃப். அப்டைம் (ரீபூட் இல்லாம ஓடின நேரம்) ஒரு வருஷம்னு ஸ்கிரீன்ஷாட் போட்டு பெருமைப்படறவங்களை பாத்தா எனக்கு சிரிப்பு தான் வரும், அத்தனை நாளா வந்த கர்னல் பேட்ச் எல்லாம் டிஸ்க்ல தூங்குதுன்னு தானே அர்த்தம். நான் ஆட்டோமேட்டிக்-ரீபூட்டை ஆன் பண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வெச்சிருக்கேன். டேட்டாபேஸ் ஓடற மெஷின்ல மட்டும் கையால தான் ரீபூட்.

இவ்வளவும் பண்ணியும் கர்னல் மாறலன்னா சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் போட்டு பாருங்க. ஓபன்விஇசட், எல்எக்ஸ்சினு வந்தா அது கன்டெய்னர், கர்னல் ஹோஸ்ட்காரரோடது, நீங்க எத்தனை தடவை அப்கிரேட் போட்டாலும் மாறாது. டிக்கெட் போட்டு கேக்கலாம், இல்லன்னா சொந்த கர்னல் ஓட்ட விடற கேவிஎம் பிளானுக்கு மாறிடலாம். நான் மாறிட்டேன்.