பைபர் போட் தளத்தைப் பிரித்துப் போட்டு நான்கு வருடம்

எங்கள் போட் 28 அடி. பத்துப் பேர் தோள் கொடுத்தால் மணலில் ஏறிவிடும். 2020 கார்த்திகை மழைக்கு அப்புறம் பதினாலு பேர் தள்ளியும் முனகிக்கொண்டுதான் ஏறியது. வலை ஈரம், எஞ்சின் கனம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். தளத்துக்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஸ்டாண்டு பக்கம் நாலு மயிரிழைக் கீறல், மிதித்தால் லேசாக அமுங்கும், அவ்வளவுதான். மூன்று வருடமாக அதில் புட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவந்தேன். மேஸ்திரி வந்து சுத்தியல் காம்பால் தளம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் ‘டங்’ என்றது. ஸ்டாண்டைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு ‘பொத், பொத்’.

“தம்பி, இது உள்காயம். மேல மருந்து தடவுனா சீழ்தான் வைக்கும்.”

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மராமத்தை அதற்குள் முடித்துக்கொள்வார்கள். எங்கள் பைபர் போட்டுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் கரையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் பாடு, அதாவது அன்றைய மீன் வரும்படி, போன நாள். வேறு வழி தெரியாமல் 2021 பங்குனியில் பிரித்தோம்.

கிரைண்டரால் மேல்தோலை அறுத்து எடுத்ததும் புளித்த வாடை. உள்ளே இருந்த பிளைவுட் மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை மாதிரி கையோடு வந்தது. அதற்குக் கீழே மிதப்புக்காக வைத்த தெர்மாகோலைத் தூக்கினால் தண்ணீர் ஒழுகியது. ஸ்டாண்டு போல்ட் போட்ட நாலு ஓட்டை வழியாகத்தான் இத்தனையும் இறங்கியிருக்கிறது. ஓட்டை போட்டவன் உள்விளிம்பில் ரெசின், அதாவது பைபரை இறுக்கிப் பிடிக்கிற பிசின், தடவி அடைக்கவில்லை. அந்த ‘அவன்’ நானேதான்.

காயவைக்க மேஸ்திரி பத்து நாள் கேட்டார். நான் நாலு நாள் என்று பேரம் பேசினேன். கடைசியில் ஒன்பது நாள் ஆனது. பகலில் திறந்து வைத்து, பனி இறங்குமுன் தார்ப்பாய் மூடினோம். இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்பது நாள் பொறுத்ததுதான். ஈரத்தின் மேல் போட்ட ரெசின் ஒட்டாது. ஒட்டினது போல் காட்டிவிட்டுப் பிறகு உரியும்.

வெட்டிய விளிம்பைச் சரிவாகத் தேய்ப்பதுதான் அலுப்பான வேலை. தோல் 5 மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் 6 சென்டிமீட்டருக்குச் சரிவு வேண்டும். அப்போதுதான் புது மேட் (கண்ணாடி இழை விரிப்பு) பழையதோடு படிந்து பிடிக்கும். தூசி அரிப்பு இரண்டு நாள் தூங்க விடாது. முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

புது தெர்மாகோல் வைத்த அன்று ஒரு கூத்து. அவசரத்தில் ரெசின் நனைந்த மேட்டின் ஒரு மூலை அதன் மேல் விழுந்துவிட்டது. கண்ணெதிரே தெர்மாகோல் சர்க்கரைப்பாகு போல் கரைந்து குழியானது. பாலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். பாலித்தீன் ஷீட்டில் சுற்றி வைத்திருந்தால் தப்பியிருக்கும். அந்தக் கட்டியை எடுத்துப் போட்டுவிட்டு வேறு வைத்தோம்.

பிளைவுட்டை முழுக்க ரெசினில் குளிப்பாட்டிவிட்டு, மேலே 450 மேட், 600 ரோவிங் (நெய்த கண்ணாடி இழைத் துணி), மறுபடி 450 மேட். எண்கள் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. வெயில் 35 டிகிரி அடித்ததால் கிலோ ரெசினுக்கு அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் 10 மில்லி மட்டும். கூட ஊற்றினால் பக்கெட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும். இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட் கரைசலை முதலில் ரெசினில் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

எப்பாக்ஸி என்கிற வேறு வகை ரெசின் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் கடைகளில் கிடைக்கிற சாதா மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிற பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே வைத்தது. எப்பாக்ஸியில் அது விறைப்பாகவே நிற்கும். விலை கேட்டதும் என் ஆசையும் அடங்கிவிட்டது.

கடைசிப் பூச்சு ஜெல்கோட். காற்று பட்டால் மேல்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும் என்பதால் மெழுகுக் கரைசல் கலந்து அடித்தோம். நிறம் இளஞ்சாம்பல். பக்கத்து போட்டில் அடர்நீலம் அடித்துவிட்டு மத்தியானம் வெறுங்காலில் துள்ளுகிறார்கள். வழுக்காமல் இருக்க நன்கு கழுவிக் காயவைத்துச் சலித்த ஆற்றுமணலை ஈரத்தோடேயே தூவினோம். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். சாமானும் கூலியும் சேர்த்து 38,000 ரூபாய். போன பாடு தனி.

சரி, நான்கு வருடத்தில் எப்படி இருக்கிறது? முதல் வருடமே மீன் அறை மூடியின் மூலைகளில் கீறல் வந்தது. வாயைச் சதுரமாக வெட்டியிருந்தோம், வளைத்து வெட்டியிருக்க வேண்டும். இரண்டாவது வருடம் வலை இழுக்கிற இடத்தில் மணல் தேய்ந்து வழுக்கியது. ஈயக்குண்டு விழுகிற இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது, அங்கே ரப்பர் பாய் போட்டுவிட்டேன். வெயில் படுகிற பக்கம் வெளுத்து, தொட்டால் விரலில் மாவு ஒட்டுகிறது. அதைப் பற்றிக் கவலையில்லை.

போல்ட் ஓட்டைகளை இந்த முறை பெரிதாகத் துளைத்து, கெட்டியான எப்பாக்ஸியால் அடைத்து, காய்ந்த பிறகு நடுவில் மறுபடி துளைத்தோம். ஸ்டாண்டைச் சுற்றி இன்றைக்கும் ‘டங்’ என்கிறது. போட் பத்துப் பேருக்கே ஏறுகிறது.

போன வாரம் சும்மா இருக்கமாட்டாமல் அணியத்துப் பக்கம், அதாவது போட்டின் முன்பக்கம், தட்டிப் பார்த்தேன். நங்கூரக் கயிறு கட்டுகிற கட்டைக்குப் பக்கத்தில் இரண்டு இடம் ‘பொத்’ என்றது. அந்தக் கட்டையின் போல்ட்டும் நான் போட்டதுதான். மேஸ்திரியிடம் பங்குனிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.