டாக்சியா, கௌட்ரெயினா? கையில் பொட்டலம் இருந்தால்...

தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் டவுனுக்கு மினிபஸ் டாக்சி. வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் போனால் அங்கே கௌட்ரெயின் என்ற வேக ரயில். இரண்டிலும் போகும்போது என் பையில் 'பட்கோஸ்' இருக்கும். வழிச் சாப்பாட்டுக்கு இந்த ஊர்ப் பெயர் அது. எங்கள் வீட்டுப் பட்கோஸ், உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி.

கௌட்ரெயினில் பேச்சுக்கே இடமில்லை. சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, சூயிங்கம்கூட மெல்லக் கூடாது. 2010 ஜூன் 8 அன்று, உலகக் கோப்பைக் கால்பந்துக்கு மூன்று நாள் முன்னால் ஓடத் தொடங்கிய ரயில். விமான நிலையத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் சாண்டன் பகுதிக்குக் கால் மணி நேரம்தான், அதற்குள் யாருக்கும் பசியில் உயிர் போகாது.

டாக்சியில்தான் விவகாரமே. எழுதி ஒட்டிய விதி எதுவும் கிடையாது, ஆனால் பதினைந்து பேர் தோள் இடிக்க உட்கார்ந்திருப்போம். காசு பின் வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறி முன்னால் போகும், சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஒருமுறை பாதி ரொட்டியைத் தின்றுகொண்டே நோட்டை நீட்டினேன். முன் சீட்டு அக்கா அதை இரண்டு விரல் நுனியில் வாங்கிய விதம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து சில்லறை கைக்கு வந்த பிறகுதான் பொட்டலத்தைப் பிரிப்பது. பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு துண்டு நீட்டிவிட்டால் வாசனைக்கும் யாரும் முகம் சுளிப்பதில்லை. புரட்டாசியில் மட்டும் கோழிக் கறியைத் திறக்காதீர்கள். பக்கத்தில் விரதக்காரர் இருக்கலாம்.

பன்னி சௌ? ரொட்டியைக் குடைந்து குழம்பை ஊற்றிய சாப்பாட்டை, வளைவில் சாயும் வண்டியில் வைத்துத் தின்ன நினைப்பவருக்குத் துணிச்சல் அதிகம். அதைக் கடையிலேயே முடித்துவிடுங்கள்.

திரும்பும்போது இன்னொரு வழி இருக்கிறது. ஆள் நிரம்பாமல் டாக்சி கிளம்பாது. அந்த நேரத்தில் டர்பன் டவுனின் வார்விக் சந்திப்பில் வேகவைத்த சோளக்கதிர் ஒன்று வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு ஏறலாம். கையைத் துடைக்கவும் நேரம் இருக்கும்.

வெள்ளைச் சட்டை போட்ட நாளில் கௌட்ரெயின் எனக்குப் பிடிக்கும். பசிக்கிற நாளில் டாக்சிதான். ரயிலில் பிரிட்டோரியா வரை மூடிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போன நாட்களும் உண்டு. இறங்கித் திறந்தால் ரொட்டி நமத்துப் போயிருக்கும்.